மூன்றில் நின்ற குமிழ்

அவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் நாலு வாட். யார் வீட்டில் எந்தப் பெட்டி பாடினாலும், "இதுக்கெல்லாம் எதுக்கு இவ்ளோ பவர்? நல்ல ஸ்பீக்கருக்கு நாலு வாட் போதும்" என்று ஆரம்பித்துவிடுவார். துக்க வீடென்றும் பார்க்க மாட்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அவருடைய கூடத்தில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் அந்தக் காலத்துச் சரக்கு. பீரோ உயரம், உள்ளே மெல்லிய காகிதக் கூம்பு. ஒரு வாட் கொடுத்தாலே தெருமுனைவரை கேட்கும். நாற்பது வாட்டைத் திறந்துவிட்டால் கூம்பு கிழிந்து தொங்கும், அந்தக் காகிதம் இனி எங்கே தேடினாலும் கிடைக்காது. அதனால் ஜோடிப் பொருத்தம் பார்ப்பதுபோல் அலைந்து, நாலே வாட் கொடுக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பிடித்துவந்து மாட்டியிருந்தார். அதன் ஒலிக் குமிழ் எப்போதும் மூன்றாம் எண்ணில் நிற்கும். அவரும் தொட மாட்டார், யாரையும் தொட விட மாட்டார். பின்பக்க ஸ்விட்சைப் போடுவார், அணைப்பார், அவ்வளவுதான்.

தன் காது பாம்புக் காது என்பதில் அவருக்குப் பெருமை. எப்போதாவது, "இன்னைக்கு என்னமோ டல்லா இருக்கே" என்பார். மறுநாள் சரியாகிவிடும். வால்வுக்கும் மனுஷன் மாதிரி நல்ல நாள் கெட்ட நாள் உண்டு என்று விளக்கம் வேறு கொடுப்பார். பாட்டுப் போட்டதும் மனைவி அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "ரசனைங்கறது எல்லாருக்கும் வாய்க்காது" என்று வந்தவர்களிடம் சொல்வார், அவள் காதில் விழும்படியாகவே.

அந்த மனைவி இறந்து இரண்டு மாதமாகிறது. அவர் அழவில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று சொந்தக்காரர்கள் காதைக் கடித்துக்கொண்டார்கள். அழுகை வராததில் அவருக்கு வருத்தம்கூட இல்லை. பல் தேய்த்தார், குளித்தார், சாப்பிட்டார். எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது. பாட்டுக் கேட்டால் உள்ளே ஏதாவது அசையும் என்று மட்டும் நம்பிக்கொண்டிருந்தார். அதுவும் பொய்த்தது. அதே இசைத்தட்டு, அதே மூன்றாம் எண். பாட்டோ அடுத்த வீட்டில் ஓடுவதுபோல் மங்கிக் கேட்டது.

காரணத்தை அவரே கண்டுபிடித்தார். சாவு நடந்த வாரத்தில் ஒரு வால்வு போய்விட்டது. மனைவியின் தம்பிதான் மெக்கானிக். ஆம்ப்ளிஃபயரைக் கடைக்குக் கொண்டுபோய், வால்வை மாற்றி, தூசி தட்டி, திரும்பக் கொண்டுவந்து வைத்தான். அன்றிலிருந்துதான் இப்படி.

"பவர் பத்தல மாப்ளே. நாப்பது வாட்ல ஒண்ணு கொண்டா" என்று ஃபோன் போட்டார்.

நாலு வாட் வாயிலிருந்து நாற்பது வரும் என்று மச்சினன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

ஆனாலும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து வாசல் பக்கம் இறக்கினான். "கூம்பு கிழிஞ்சிடும் அத்தான். இத எனக்கே நீங்கதான சொன்னீங்க?"

"கிழிஞ்சா கிழியட்டும். கேக்காத ஸ்பீக்கர வச்சு என்ன பண்றது?"

"முதல்ல பழசப் போடுங்க, கேப்போம்."

போட்டார். வால்வுகள் சிவந்தன, பாட்டு வந்தது. மச்சினன் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டான். "நல்லாத்தான கேக்குது?"

"இதுவா? காதுல என்னத்த அடைச்சிட்டு வந்திருக்க?"

அவன் குமிழைத் திருகினான். நான்கு. ஐந்து. அதையும் தாண்டியதும் அவர் கையை உயர்த்தினார். "நிறுத்து! இதான். இதான் என் சத்தம்."

மச்சினன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். பிறகு கத்திப் பேசினான். "சர்வீஸ் பண்ணும்போது இந்தக் குமிழ் கோணலா மாட்டியிருந்துச்சு அத்தான். வெளிய மூணுன்னு காட்டுது, உள்ள அஞ்சரை. நான்தான் கழட்டி நேரா மாட்டினேன்."

"எவன் தொட்டது?"

"ஒரே தடவை தொட்ட வேலையில்ல இது. குமிழைப் பிடிச்சிருக்கிற பொடி ஸ்க்ரூல அத்தனை கீறல். கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை திருப்பி மாட்டியிருக்காங்க."

இசைத்தட்டு இழுப்பறையை அவர் இழுத்தார். ஓரத்தில் தையல் மெஷினோடு வந்த சின்ன ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. இது இங்கே எதற்கு என்று முன்பொரு நாள் மனைவியிடம் எரிந்து விழுந்திருக்கிறார். தூசி துடைக்கும்போது வைத்து மறந்திருப்பேன் என்றாள். மச்சினன் அதை வாங்கிக் குமிழின் ஸ்க்ரூவில் வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

"இனிமே அஞ்சரைலயே வச்சுக்குங்க அத்தான்."

"வேண்டாம். உங்கக்கா மாட்டின மாதிரியே மாட்டு."

மாட்டினான். குமிழ் மூன்றைக் காட்டியது, பாட்டு பழையபடி கூடத்தை நிறைத்தது. அவர் அதைக் கேட்க உட்காரவில்லை. மச்சினனை அழைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"பாட்டு முடிஞ்சிடுச்சா?"

"இல்ல அத்தான், ஓடுது" என்று மச்சினன் அவர் காதருகே கத்தினான்.

"இங்க கேக்குதா?"

"கேக்குதாவா? நம்ம பேசறதே கஷ்டமா இருக்கு." கூடத்துச் சுவரை ஒட்டிய அலமாரியை மச்சினன் காட்டினான். "அந்த டம்ளரத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். டம்ளர் விரலடியில் அதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு வலித்தது.

"தினமும்" என்றார். டம்ளரிலிருந்து கையை எடுக்கவில்லை.