முதல் நொடியில் வெற்றி

திண்டிவனம் பிரவுசிங் சென்டரில் நாலு மணிக்கு கேம் போட்டி. அஸ்வினி மூன்று மாதமாக உருவாக்கிய போர்க்கள மேப்பைத்தான் ஆடப்போகிறார்கள். ஆனால் அதைத் திறந்த நொடியிலேயே ‘வெற்றி’ என்று வந்து ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஐந்தாவது முறையும் அப்படித்தான்.

“இன்னாம்மா, சண்டையே போடாம ஜெயிக்கிறானுங்க? ஜல்தியா சரி பண்ணு. இல்லாங்காட்டி பழைய மேப்பையே போட்டுடுவேன்,” என்றார் கடைக்காரர் ஆரோக்கியராஜ்.

கண்கள் எரிய, வெற்றியை முடிவுசெய்ய தான் எழுதிய டிரிகர் விதியைப் படித்தாள் அஸ்வினி. எதிரி ஒருவனும் இல்லையென்றால் வெற்றி. எதிரிகள் வருவதோ மூன்றாம் நிமிடத்தில். அதுவரை ஒருவனும் இல்லைதானே? சண்டை இல்லை என்பதாலேயே குடும்பம் நன்றாக நடப்பதாக நம்பும் தன் கணவனின் நினைவு வந்தது. அவளும் அவனை மறுத்ததில்லை. மறுக்கவும் தெம்பு வேண்டும்.

மேப்பில், வீரர்கள் நடந்து போகவே ஐந்து நிமிடம் பிடிக்கும் மூலையில், தொடக்கத்திலிருந்தே ஓர் எதிரி வீரனை நிறுத்தினாள்.

“அங்க ஒத்தையா இன்னா பண்றான் அவன்?”

“ஒண்ணும் பண்ணமாட்டாண்ணே. சும்மா நிப்பான்.”

மேப்பைத் திறந்தாள். வெற்றி வரவில்லை. மூன்றாம் நிமிடத்தில் காட்டுக்குள்ளிருந்து எதிரிப் படை கிளம்பி வந்தது. ஆரோக்கியராஜ் கை தட்டினார். அஸ்வினிக்குச் சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது. ஆட வந்தவனுக்கு இடம் விட்டு எழுந்தாள்.