மேட்டில் நின்ற தவளை

நாற்றுப் பண்ணையின் நாலு சக்கர பைக்குக்குத் தவளை என்று பெயர். குண்டுச் சக்கரம், பச்சை நிறம், கிளம்பும்போது ஒரு குதி. அது ரிப்பேருக்கு வந்தால் மெக்கானிக் அக்கா ராத்திரி பட்டறையில் நிறுத்திவைத்து, காலையில் முதல் வேலையாகப் பார்ப்பாள். என்ஜின் ஆறியிருக்கும், கை சுடாது, தலையும் தெளிவாக இருக்கும். அதுதான் அவள் வழக்கம்.

அந்த வழக்கத்தை நினைத்துத்தான் இப்போது மீட்டரும் கையுமாகத் தரையில் குந்தியிருந்தாள்.

ஆயில் மாற்ற வந்த வண்டி. மழை விட்டு வெயில் திரும்பியிருந்தது. பகலிலேயே கொண்டுவந்து விட்டதால் வேலையை முடித்து, வாசல் வெயிலில் ஓடவிட்டிருந்தாள். நன்றாகச் சூடேறிய பிறகு பொட்டென்று நின்றது. பெட்ரோல் வராவிட்டால் என்ஜின் இழுத்து இழுத்து, திணறித்தான் அடங்கும். இது சுவிட்சைத் தட்டியதுபோல நின்றது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பொறி இல்லை.

எப்போது பொறி விட வேண்டும் என்று சொல்வது பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் ஒரு சின்னக் காயில். பிக்கப் காயில் என்பார்கள். அதன் வயரில் மீட்டரை வைத்தாள். எண் வரவில்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தால்தான் அப்படி. வண்டியை நிழலில் தள்ளிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி வைத்தாள். எண் வந்தது. ஸ்டார்ட் செய்தாள். தவளை குதித்தது.

நம்ப மனம் வராமல் காயிலைக் கழற்றி, மகளின் ஹேர் டிரையரை எடுத்து வந்து சூடு காட்டினாள். எண் மறைந்தது. ஆறவிட்டாள், வந்தது. மறுபடி சூடு, மறுபடி மறைந்தது. தலைமுடி போன்ற கம்பி. சூட்டில் விட்டுப்போகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது.

தங்கையின் கணவர் கோடை முழுக்க இதைத்தான் சொன்னார்.

அப்போது தவளையை ஓட்டியவர் அவர். மேட்டில் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பார். அவள் பிளக் மாற்றினாள், கார்புரேட்டரைக் கழுவினாள், டேங்க் மூடியின் காற்றுத் துளையைக் குத்திவிட்டாள். காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பண்ணை மேஸ்திரி தேடிக்கொண்டு போனாலோ, வண்டி மரத்தடியில் நிற்கும், பக்கத்தில் இவர் துண்டை விரித்துப் படுத்திருப்பார். கொட்டாவி என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

கடைசியில் ஒரு நாள் மேஸ்திரி பண்ணை முற்றத்தில் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டார். "நீங்களே சொல்லுங்கம்மா. கோளாறு வண்டிலயா, ஆளுகிட்டயா?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. தானா நிக்குது. வெயில் நேரத்துல ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றார் தங்கையின் கணவர்.

"வெயில்ல மயங்கி விழ அதென்ன புதுப்பொண்ணா?" என்றாள் அவள்.

கூட்டம் சிரித்தது. அதிகம் பேசாத அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. அதனால்தான் நிறுத்தாமல் இன்னொன்றும் சொன்னாள். "மீட்டர் பொய் சொல்லாது மேஸ்திரி. மனுஷங்கதான் சொல்லுவாங்க."

மறுநாளே அவரைத் தண்ணீர்க் குழாய் இழுக்கப் போட்டார்கள். தவளை வேறு டிரைவர் கைக்குப் போனது. அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலம் முழுக்கத் தவளை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

புதுக் காயில் வாங்கி மாட்டினாள். வண்டியை எடுக்க மேஸ்திரியே வந்தார். "உங்க வாக்கு வாக்குதாம்மா. ஆளை மாத்தினோம், வண்டி தங்கமா ஓடுது."

உண்மை வாய் வரை வந்தது. "ஆயில் மாத்திட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

தவளை தெருமுனை திரும்பிய பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. இனி அது நிற்கவே நிற்காது. எந்த வெயிலிலும் ஓடும். அது ஓட ஓட, அந்த மனிதர் பொய்யர் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். அவளுக்கும் அதே பண்ணையில்தான் வேலை. பைகளில் மண் நிரப்பி நாற்று ஊன்றுவாள்.

"தனியாவா வந்தே? அவர் வரலையா?"

"உன் முகத்தைப் பாக்கக் கூச்சமா இருக்கும்." தங்கை சோபாவில் காலை மடக்கிக்கொண்டாள். "நானும் விடல. எங்கக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், இனிமே என்கிட்ட பொய் சொல்ற வேலை வெச்சுக்காதேன்னுட்டேன். ஆமா, தூங்கிட்டேன்னு ஒரு தடவை ஒத்துக்கிட்டா போதும்க்கா. நான் மறந்துடுவேன். ஒத்துக்கவே மாட்டேங்கறார். இப்பல்லாம் வீட்ல பேச்சே கிடையாது. தட்டை வெச்சா சாப்பிடுவார், எடுத்தா எழுந்துடுவார்."

கூச வேண்டிய முகம் எதிரில்தான் இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. தங்கையின் காதோடு சொல்லி முடித்துவிடலாம். ஆனால் முற்றத்தில் வைத்துக் கெடுத்த பெயர் அது.

மறுநாள் உச்சி வெயிலில் பழைய காயிலைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனாள். மேஸ்திரி சாப்பிட்டு முடிப்பதற்குள் மூடியைக் கழற்றி, புதுக் காயிலை எடுத்துவிட்டுப் பழையதை மாட்டினாள்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறீங்க?"

"ஒரு வேலை பாக்கி மேஸ்திரி. நீங்களே ஓட்டணும். நாத்துத் தட்டெல்லாம் ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறி இறங்குங்க. நான் சொல்ற வரைக்கும்."

மேஸ்திரி ஏறினார், இறங்கினார். மறுபடி ஏறினார். வேலையை விட்டுவிட்டு ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். "போதுமாம்மா? இடுப்பு கழண்டுடும் போலிருக்கு!" என்று கத்தினார். நின்றாலும் அவமானம், நிற்காவிட்டாலும் அவமானம். நிற்க வேண்டும் என்றே வேண்டிக்கொண்டாள்.

மேட்டின் பாதியில் தவளை பொட்டென்று நின்றது.

மேஸ்திரி பட்டனை அழுத்தினார், அழுத்தினார். பிறகு பதறிப்போய்க் கூட்டத்தைப் பார்த்தார். "நான் ஒண்ணும் பண்ணலப்பா! தானா நின்னுடுச்சு!"

"தூங்கிட்டீங்களா மேஸ்திரி?" என்று யாரோ கேட்டார்கள்.

சிரிப்பு எழுந்தது, உடனே அடங்கியது. எல்லாத் தலைகளும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பக்கம் திரும்பின.

அவள் கூட்டத்தின் முன்னால் வந்து நின்றாள். "கோளாறு வண்டிலதான். சூடானா உள்ள ஒரு காயில் செத்துப்போகுது, ஆறினா பொழைச்சுக்குது. நான் ஆறின வண்டியவே பாத்துட்டு அவர் பொய் சொல்றார்னு சொன்னேன். போன வாரமே தெரிஞ்சுபோச்சு. புதுசு மாட்டிட்டு வாயை மூடிக்கிட்டேன்."

தங்கையின் கணவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு மேட்டில் ஏறினார். மேஸ்திரியை இறங்கச் சொன்னார். வண்டியை நியூட்ரலில் போட்டு மரத்தடிக்குத் தள்ளினார். தோள் துண்டை எடுத்து என்ஜினுக்கு விசிறினார். "நிழல்ல விட்டா சீக்கிரம் எடுக்கும்" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு பழக்கத்தில் துண்டைத் தரையில் விரித்தார்.

மரத்தடியில் அவர் எதற்காகப் படுத்திருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

மண் ஒட்டிய கையோடு தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். "அவரை நான் என்னெல்லாம் சொன்னேன் தெரியுமாக்கா உனக்கு?"

தங்கை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மரத்தடிக்குப் போய்த் துண்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

மெக்கானிக் அக்கா ஸ்பேனரோடு போய் வண்டியின் அந்தப் பக்கம் குந்தினாள். புதுக் காயிலைத் திரும்ப மாட்ட வேண்டும். மூடியில் கை வைத்ததும் சுரீரென்றது.

"ஆறட்டும்க்கா. கை வெந்துடும்" என்றார் அவர்.

அந்த 'அக்கா'தான் அதிகமாகச் சுட்டது.

"இருக்கட்டும் தம்பி" என்று, தலை நிமிராமல் முதல் போல்டைத் திருகினாள்.