ராசாங்கத்தின் குறட்டை

ராசாங்கம் குறட்டை விட்டால் எங்கள் தெருவில் கூரை ஓடு நகரும். ரெட்டிபாளையம் ஆலையில் சங்கு ஊதிவிட்டதென்று நினைத்துச் சோற்று வாளியோடு வேலைக்குக் கிளம்பியவர்களில் நானும் ஒருவன். அவன் பெண்டாட்டி சம்பூர்ணம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் கோலம் போடுவாள். "இந்த மனுசனுக்கு வாக்கப்பட்டதுக்கு ரைஸ்மில்லுக்கு வாக்கப்பட்டிருக்கலாம்" என்பாள். சொல்லும்போது முகம் பூரித்திருக்கும்.

அவன் மெட்ராசுக்கு சிமெண்ட் லாரி ஓட்டினான். தூக்கம் விரட்டும் மாத்திரை போடுவது டிரைவர்களுக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. பெரம்பலூர் ரோட்டோரப் பெட்டிக்கடையில் சுண்டைக்காய்ப் பருமனில் கிடைக்கும். பாதியைக் கடித்துவிட்டு மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். எழுபத்தெட்டில் புது மாத்திரை வந்தது. மிளகளவுதான். அன்றைக்கு நானும் லாரியில் இருந்தேன்.

"என்னய்யா இது, கோழிக்குப் போடுறதா?" என்றான் ராசாங்கம்.

"மூர்த்தி சிறுசுண்ணே, கீர்த்தி பெருசு. பாதி போதும்" என்றான் கடைக்காரன்.

"மொளகுல எங்கய்யா பாதி பாக்குறது? பழைய அளவுக்கு ரெண்டா குடு."

நெல்லோ புளியோ, எதையும் கண்ணாலேயே அளந்து பழகிய ஊர். அந்த ரெண்டு நாலானது. மெட்ராஸ் போய்த் திரும்பியவன், இறங்காமலே மறுபடி போனான். விட்டால் சிலோனுக்கே சிமெண்ட் இறக்கியிருப்பான். பிறகு புளியமரங்கள் எதிரே நடந்து வர ஆரம்பித்தன. ஒன்றை இடித்தான். முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார்.

சாவி போயும் மாத்திரை போகவில்லை. யார் மூலமாவது வரவழைத்தான். சம்பூர்ணம் பொட்டலத்தைக் கிணற்றில் வீசினாள். தவளைகள் ஒரு வாரம் உறங்கவில்லை. அவனும்தான்; ஏற்கெனவே உள்ளே போனது இறங்கவில்லை. "தூங்கினாத்தான் பொழைப்பாரு" என்றுவிட்டார் அரியலூர் டாக்டர்.

"ஒரே ஒரு கொறட்டைண்ணே. கேட்டாப் போதும்" என்றாள் என்னிடம். காதில் பஞ்சு இல்லை.

ஒரு மத்தியானம் நுங்கு கொண்டுபோனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெறுங்கையால் ஸ்டியரிங் திருப்பிக்கொண்டிருந்தான். கண்ணிரண்டும் செங்கல் சூளை. சம்பூர்ணம் என்னைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் ஏறி, கிளீனர் மாதிரி அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

"எங்கடி வந்துருக்கோம்?"

"அரியலூரு தாண்டியாச்சுங்க."

"எதுர லைட்டு கூசுது."

முந்தானையால் அவன் கண்ணை மறைத்தாள். "நம்ம தெருதான். மெதுவாப் போங்க... வூடு வந்துருச்சு. நிறுத்துங்க."

அவன் கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தியது. கைகள் மடியில் விழுந்தன. தலை அவள் தோளுக்குச் சரிந்தது.

தொண்டைக்கு வந்த இருமலை விழுங்கிக்கொண்டேன். சம்பூர்ணம் அசையாமல், கூரை ஓடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.