வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

2005ஆம் ஆண்டு வைகாசியில் அஞ்சலாவின் வீட்டைப் படப்பிடிப்புக்காக ஆறு நாள் கேட்டார்கள். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடி. முதியோர் இல்லக் குசினியில் சமையல் வேலை செய்கிற, நாற்பத்துநாலு வயதாகியும் கலியாணம் முடிக்காத மன்னார்க்காரி ஒருத்தியின் வீட்டில் படம்பிடிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

வீடு பார்க்க வந்த இளம்பெண் விளக்கினாள். எடுக்கப்போவது காதல் நகைச்சுவைப் படம். அந்த வகைப் படங்களெல்லாம் பெர்லினில், பெரிய ஜன்னல் வைத்த வீடுகளில்தான் நடக்கும். தங்கள் இயக்குநருக்குச் சாதாரண வீடு வேண்டுமாம்.

"கதாநாயகி தனியாக இருப்பவள். உங்கள் வீட்டில் எதையுமே மாற்றத் தேவையில்லை" என்றாள்.

அஞ்சலா சிரித்தபடி கையெழுத்துப் போட்டாள்.

ஆறு நாள் ஹோட்டலில் தங்கிவிட்டுத் திரும்பியபோது எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. வாசலில் மட்டும் ஒரு சோடி ஆம்பிளைச் சப்பாத்து, மண்ணிறத்தில். தொலைபேசியில் கேட்டாள். கடைசிக் காட்சிக்கு வைத்தது, எறிந்துவிடுங்கள் என்றார்கள்.

எறிவதற்குள் மேல்மாடிக் கமலநாயகி அக்கா படியிறங்கி வந்துவிட்டார். மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு முதல்நாள்தான் வந்திருந்தார்.

"அஞ்சலா, ஆர் வந்திருக்கினம்?"

அந்த வீட்டுக்குக் குடிவந்த பதினொரு வருடத்தில் அவளிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"ஒரு ஆள், அக்கா." வாய் தானாகச் சொல்லிவிட்டது. "பாஸ்கரன் எண்டு பேர். கார்ல்ஸ்ரூஹேயில வேலை. கிழமைக்கு ஒருக்கா வருவார்."

"நல்லது பிள்ளை, நல்லது!"

அன்று பின்னேரமே இரண்டு பேருக்கான புட்டும் றால் குழம்பும் வந்தன. அஞ்சலா ஒரு பங்கை உடனே சாப்பிட்டாள். மற்றதை விடியற்காலையில் நின்றபடியே சாப்பிட்டாள். அதன்பிறகு அக்கா அடிக்கடி வந்து உட்கார்ந்தார். பாஸ்கரன் உறைப்புச் சாப்பிடமாட்டார், குறட்டை விடுவார் என்றெல்லாம் அஞ்சலா சொன்னாள். சனிக்கிழமைகளில் சப்பாத்தைத் துடைத்துக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

அடுத்த மாசியில் படம் வெளியானது. ஞாயிறு மத்தியானக் காட்சிக்கு இரண்டு பேருக்கு அழைப்பு வந்தது. கடிதத்தைப் படியில் வைத்தே கண்டுவிட்ட அக்காவிடம் விசயத்தைச் சொல்லவேண்டி வந்தது.

"உன்ர வீட்டைப் படத்தில பாக்காமல் நான் இருப்பனோ? நானும் வாறன்."

மறுக்க அஞ்சலாவால் ஏலவில்லை.

படம் தொடங்கமுன் இயக்குநர் பேசினார். இப்படியான படங்களின் முடிவில் யாராவது ரயிலுக்குப் பின்னால் ஓடுவார்கள், என் படத்தில் யாரும் ஓடமாட்டார்கள் என்றார். சனம் சிரித்தது. ஓடவும் இல்லை. கடைசியில் கதாநாயகி வேலை முடிந்து படியேறி வருகிறாள்; வாசலில் மண்ணிறச் சப்பாத்தைக் காண்கிறாள்; வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அரங்கு முழுக்கக் கைதட்டியது. அக்கா தட்டவில்லை.

ட்ராம் தரிப்பிடத்தில்தான் வாய் திறந்தார்.

"அப்ப பாஸ்கரன்?"

"ஒருத்தரும் இல்லை, அக்கா."

"எனக்கு ஏன் பொய் சொன்னனி?"

"நீங்கள் கேட்டது சந்தோசமா இருந்தது."

"அந்த மனுசனுக்கெண்டு எவ்வளவு தூரம் போய் றால் வாங்கினனான்!" என்றார் அக்கா. அஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

அந்தக் கிழமை லீவு நாளில் அஞ்சலா மீன்குழம்பு வைத்துச் சட்டியோடு மேலே போனாள். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. மூன்றுதரம் மணியடித்தும் கதவு திறக்கவில்லை. சட்டியை மிதியடியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

மூன்றாம் நாள் சட்டி கழுவித் துடைத்து அவளுடைய வாசலில் இருந்தது. வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற ஆள் இல்லை அக்கா. அஞ்சலா மூடியைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. வேலைக்கு நேரமாகியிருந்தது, சட்டியைக் குசினியில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.