ஒரு பக்கத்துக்கு மிகாத கம்பெனி வரலாறு

எங்கள் குடும்பக் கம்பெனியின் தொழில், மற்ற கம்பெனிகள் பேசிக்கொள்ள வழி செய்து கொடுப்பது. அலுவலக போன் இணைப்பு, கிளைக்குக் கிளை நெட்வொர்க், வீடியோவில் கூட்டம் போடும் வசதி எல்லாம் உண்டு. நிறுவனர்கள் இருவர். ஒருவர் என் அப்பா. இன்னொருவர் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் நீல வயர். நான் பிறப்பதற்கு முன் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு வயரிங் செய்தபோது மேல் மாடியை அப்பாவும் கீழ் மாடியை மாமாவும் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு நீலம் என்றால் போன். மாமாவுக்கு நீலம் என்றால் கம்ப்யூட்டர். இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. நீலம் எதற்கு என்பது படித்தவன், படிக்காதவன் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்று இருவரும் தனித்தனியாக நம்பினார்கள். திறப்பு விழாவன்று யாரோ மேனேஜரை வாழ்த்துவதற்காக போன் செய்தார்கள். மணி அடிக்கவில்லை. மேனேஜரின் கம்ப்யூட்டரிலிருந்து புகை வந்தது.

அன்றிலிருந்து அலுவலகத்தில் ஒரு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மாமா, இரண்டு கதவுக்கும் வெளியே பொதுவாக ஒரு மேஜை. மேஜையில் அம்மா. கம்பெனியின் உள் தகவல் தொடர்பு முழுவதும் அந்த மேஜை வழியாகத்தான் போய் வந்தது.

"சுவிட்ச் பெட்டியை மறந்துட்டு சைட்டுக்குப் போறதுக்கு, வீட்ல படுத்துத் தூங்கலாம்னு சொல்லு உன் தம்பிகிட்ட" என்பார் அப்பா.

அம்மா நான்கு எட்டு வைத்து மாமாவின் கதவைத் திறப்பாள். "டேய், பெட்டியை எடுத்துக்கிட்டியான்னு கேட்டாரு. சாப்பிட்டுட்டுப் போ."

இந்த நான்கு எட்டுக்குள் நடந்த வேலையில்தான் எங்கள் கம்பெனி வளர்ந்தது. அதற்குக் கருவி கண்டுபிடிக்கப்படவில்லை.

அக்காவுக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்தது. குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தானுக்கு லீவு முடிந்துவிட்டது. அக்கா எழுந்து நடமாடும்வரை கூட இருக்கப் போகிறேன் என்று அம்மா அறிவித்தாள். கம்பெனி தொடங்கியதிலிருந்து அம்மா எடுத்த முதல் லீவு அதுதான். இரண்டு அறையிலிருந்தும் ஆட்சேபணை வந்தது. இரண்டையும் அம்மாவே வாங்கி, யாருக்கும் கடத்தாமல் வைத்துக்கொண்டாள். கல்லூரி விடுமுறையில் இருந்த என்னை மேஜையில் உட்கார வைத்தாள்.

"சொன்னதைச் சொன்னபடி சொல்லிடாத" என்றாள். "காரத்தைக் கொறைச்சு சொல்லு. நான் பாதியில ஓடி வர்ற மாதிரி வச்சிடாத. அவளால குழந்தையைத் தூக்கக்கூட முடியாது."

"இதுக்கெல்லாம் ஒரு படிப்பாம்மா" என்றேன். 

அம்மா போன மறு வாரமே ஒரு கூரியர் கம்பெனி வந்து சேர்ந்தது. அவர்களுடைய எல்லாக் கிளைகளையும் இணைக்கும் வேலை. அவர்களுடைய கொள்முதல் அதிகாரி ஓர் அம்மையார். குரலிலேயே இஸ்திரி போட்டிருப்பார். "விலை சரிதான். உங்க கம்பெனி வரலாறு ஒரு பக்கத்துக்கு மிகாம வேணும். நிறுவனர்கள் ரெண்டு பேரும் ஒப்புதல் குடுக்கணும். சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க."

ஒரு பக்கம்தானே என்று நான் அப்பாவின் அறைக்குள் போனேன்.

"செருப்புக் கடையில ஆரம்பிச்சோம்னு எழுது" என்றார் அப்பா. "கடைக்கும் பின்னாடி குடோனுக்கும் நான்தான் இன்டர்காம் போட்டேன். எட்டாம் நம்பர் கறுப்பு ஒரு ஜோடின்னு கத்திக்கிட்டே ஓடிக்கிட்டிருந்த ஆளு அன்னைக்குத்தான் உக்காந்தான். அதான் தொடக்கம். போய் உன் மாமன்கிட்ட ஒப்புதல் வாங்கு. முரண்டு பிடிச்சான்னா, ஒயரோட எந்த முனை எந்த முனைன்னு இன்னும் தெரியாதவனுக்கு வரலாறு எதுக்குன்னு கேளு."

நான் காரத்தைக் குறைத்தேன். மாமாவிடம் போய், "தயவு செஞ்சு செருப்புக் கடையை முதல்ல போட ஒத்துக்கணும்னு அப்பா கேட்டுக்கிட்டாரு" என்றேன்.

மாமா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்தார். "தயவு செஞ்சுன்னாரா?"

"ஆமா மாமா."

"உங்கப்பாவா?"

"ஆமா."

"செருப்புக் கடையாவது மண்ணாவது. ரெண்டு ஒயரை முறுக்கினது கம்பெனியா? அச்சாபீஸ்ல மூணு மாடிக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி மாட்டினேனே, அன்னைக்குத்தான் கம்பெனி. அன்னைக்கு உங்கப்பா பார்த்த வேலை ஏணியைப் புடிச்சது. போய்ச் சொல்லு." நான் கதவைச் சாத்தப் போனபோது கூப்பிட்டார். "இங்க வா. அவரு சமீபத்துல டாக்டர்கிட்ட ஏதாவது போனாரா?"

நான் இல்லை என்றேன். அதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அப்பாவிடம், "அச்சாபீஸையும் சேர்த்துக்கிட்டா நல்லா இருக்கும்னு மாமா நினைக்கிறாரு. ஏணி புடிச்ச உதவிக்கு நன்றின்னாரு" என்றேன்.

அப்பா நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். "நன்றின்னானா?" சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "போறான்டா. எவனோ பெரிய கம்பெனிக்காரன் வளைச்சிட்டான். போற ஆளுதான் நன்றி சொல்லுவான்."

அரை மணி நேரத்தில் அக்கா போன் செய்தாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"டேய், அம்மா பெட்டியை எடுத்து கட்டில் மேல வச்சிட்டா. அப்பாவுக்கு ஏதோ பெரிய வியாதின்னு மாமா சொல்றாரு. மாமா கம்பெனியை விட்டு ஓடப் போறாருன்னு அப்பா சொல்றாரு. நீ என்னடா பண்ணினே?"

"மரியாதையா பேசினேன்."

"உன்னை யாரு மரியாதையா பேசச் சொன்னா?" அக்காவின் குரல் உடைந்தது. "தொட்டில்லேர்ந்து பிள்ளையை எடுக்கக்கூட என்னால குனிய முடியலைடா. இவ கிளம்பிட்டா நான் பிள்ளையை அழ விட்டுட்டு பார்த்துக்கிட்டு நிக்கணும். போய் ரெண்டு பேருகிட்டயும் உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலை."

நான் உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்தேன்.

"ரெண்டு ஒயரை முறுக்கினதெல்லாம் கம்பெனியான்னு கேட்டானா?" என்றார் அப்பா. முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "ஏணியைப் புடிச்சது என் வேலையாமா? அப்ப அவன் எங்கயும் போகல." பெருமூச்சு விட்டார். நிம்மதி அந்த மூச்சோடு முடிந்தது. அடுத்த மூச்சில் மேஜையைத் தட்டினார். "ஏணியா புடிச்சேன்?"

அந்தப் பக்கத்திலும் இதேதான். முனை தெரியாதவன் என்று சொன்னதாகச் சொன்னதும் மாமாவின் முகத்தில் ஒரு நிறைவு. "நல்ல உடம்போடதான் இருக்காரு" என்றார். பிறகு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு போனை எடுத்தார்.

நான் மேஜைக்குத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து கொள்முதல் அம்மையார் அழைத்தார். "உங்க கம்பெனி எங்க ஆரம்பிச்சதுன்னு தெரியுமா, தெரியாதா? இவ்வளவுதான் கேள்வி." தட்டச்சு நடந்துகொண்டிருக்கிறது என்றேன். தட்டச்சு செய்திருந்தது 'எங்கள் நிறுவனம்' என்ற இரண்டு சொற்கள். அந்த 'எங்கள்' மேலேயே எனக்குச் சந்தேகம் வரத் தொடங்கியிருந்தது.

பிளைவுட் தடுப்பு எதையும் மறைக்கிற ரகம் இல்லை. அப்பா அம்மாவின் எண்ணுக்குப் போட்டு, ஏணியில் ஆரம்பித்தார். மாமா அதே எண்ணுக்குப் போட்டுப் பார்த்து, லைன் கிடைக்காமல் அக்காவின் எண்ணுக்குப் போட்டார். "அக்காகிட்ட குடும்மா" என்று மருமகளிடம் தணிவாகச் சொல்லிவிட்டு, அம்மா வந்ததும் குரலை உயர்த்தினார். இரண்டு அறையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே பெண்ணிடம் முறையீடு போய்க்கொண்டிருந்தது.

என் போனில் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. மெத்தை மேல் இரண்டு போன்கள். ஒன்றின் வாய் இன்னொன்றின் காதுக்கு நேராகத் தலைகீழாகப் படுக்க வைத்து, நகராமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை. இரண்டும் ஸ்பீக்கரில். கீழே அக்கா எழுதியிருந்தாள்: 'அம்மா இப்படி வச்சுட்டு பிள்ளையைக் குளிப்பாட்டப் போயிட்டா. என் லேப்டாப்லேர்ந்து அனுப்பறேன்.'

அப்பா ஏணியை நடுவில் நிறுத்தினார். "ஹலோ? யாரது குறுக்க? எக்கோ அடிக்குது."

தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமா, "இங்கயும்தான் அடிக்குது" என்றார்.

நான் தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டும் ஸ்பீக்கர்ல கிடக்கு" என்றார் மாமா கடைசியில். யாரிடம் சொல்கிறார் என்பதைத் தெளிவுபடுத்தவில்லை.

"அதான் சுத்தி வருது. ஒண்ணோட சத்தத்தைக் கொறைச்சா சரியாயிடும்."

"எதைக் கொறைக்கிறது? அங்க ஆளே இல்லையே. தண்ணி ஊத்தற சத்தம் கேக்குது பாருங்க."

அப்பா காது கொடுத்துக் கேட்டார். "குளிப்பாட்டறா."

"ஆமா."

பேத்தி ஏதோ சொன்னாள். இருவரும் அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

"செருப்புக் கடையில இன்டர்காம் போட்டீங்களே" என்றார் மாமா. "குடோன் பக்கம் யாரு நின்னா?"

"யாரு நின்னா? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு நீ நின்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் கேக்கலைன்னு சொன்ன. எனக்கு நல்லா கேட்டுச்சு."

"அப்ப நான் இல்லாம அந்த லைன் வேலை செஞ்சுதா, இல்லையா? நீங்களே சொல்லுங்க."

அப்பா பேச்சை மாற்றினார். "அப்புறம் என்ன மயித்துக்குடா அச்சாபீஸ்ல ஆரம்பிச்சோம்ங்கற?"

"ஏன்னா கூரியர்காரங்ககிட்ட போய் செருப்புன்னு எழுதிக் குடுக்கறீங்க. பாதணி விற்பனை நிலையம்னு போடச் சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடறேன். நிறுவனர்கள் இருவரும் இருமுனையிலும் நின்றுன்னு போடச் சொல்லுங்க."

"டேய்" என்று அப்பா என்னைக் கூப்பிட்டார். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா." அந்தத் தெருவில் கேட்காதவர் யாரும் இருந்திருக்க முடியாது.

"அப்படியே போடு. ஏணியை எழுதாதே."

"ஏணி வேண்டாம்" என்று மாமாவும் ஒத்துக்கொண்டார். "ஆனா நீல ஒயர்னா கம்ப்யூட்டர்தான்."

"போன்."

"கம்ப்யூட்டர்."

இதற்குள் நான் பக்கத்தை முடித்து அனுப்பிவிட்டேன். முறைப்படி கிடைத்தது, நன்றி என்று அம்மையாரிடமிருந்து பதில் வந்தது. அக்காவிடமிருந்தும் ஒன்று வந்தது: 'பெட்டியைத் திரும்ப பரண் மேல வச்சாச்சு. ரெண்டு போன்லயும் சார்ஜ் தீருது, நேரா பேசிக்கச் சொல்லு.'

பிறகு அப்பாவின் அறையில் பேச்சு பாதியில் அறுந்தது. "ஹலோ, ஹலோ" என்றார். வெளியே வந்து என் மேஜை முன் போனை நீட்டிக்கொண்டு நின்றார். நீலத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது நிறைய இருந்திருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது.

"உன் மாமன் நம்பர் என்னடா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டுக்கொண்டார்.