நாளைக்குக் கிடைக்கும்

அந்தத் தையல்கடையில் துணி கொடுத்தவர்கள் யாரும், அது கைக்குத் திரும்பி வரும்வரை சாகவில்லை. அங்கே பொத்தான் காஜா நன்றாக இருக்கும் என்று சொல்வதுபோலத்தான் ஊரில் இதையும் சொல்வார்கள். தையல்காரருக்கே இது தெரிந்தது கடை திறந்து பத்தொன்பதாம் வருஷம். விடாத மழையில் ஆள் வராத ஒரு வாரம், சுறுசுறுப்பு தலைக்கேறி, நெடுநாளாகக் கிடந்த வயசாளிகளின் துணி நான்கைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான்கு சாவு. நால்வரும் புதுத் துணியில்தான் போனார்கள். தோள்பட்டை கச்சிதம் என்று வந்தவர்கள் மெச்சினார்கள். ஐந்தாமவர் பயந்துபோய்த் துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கினார், தெருமுனை தாண்டவில்லை. அதன்பிறகு தையல்காரர் இளவட்டங்களுக்கு மட்டும் சொன்ன தேதியில் கொடுத்தார். வயசாளிகளுக்கும் நோயாளிகளுக்கும் ஒரே பதில்: "நாளைக்கு வாங்க."

அலமாரியில் நாற்பத்துமூன்று பொட்டலம் சேர்ந்தது. மேல்தட்டில் இருந்தது அவர் மனைவியின் பச்சைத் துணி. ஆறு மாசம் தாங்காது என்று டாக்டர் கைவிரித்துப் பதினோரு வருஷம். போய்ச் சேர்ந்தது அந்த டாக்டர்தான். பொத்தான் வைத்துக்கொண்டே அவள் குத்திக்காட்டுவாள்: "ஊருக்கே தைக்கிற மனுஷனுக்குப் பொண்டாட்டிக்கு ஒரு சட்டை தைக்கத் துப்பில்ல."

"நாளைக்கு," என்பார்.

இதற்குள் நகரம் தலைகீழானது. எதிரே இருந்த ரொட்டிக்கடை கைப்பேசிக் கடையாகி, அதுவும் போய்ப் பன்னிரண்டு மாடி எழும்பியது. அகலச் சாலைக்காகத் தெருவையே இடிக்க முடிவானது. இந்தக் கடையைப்போல அறுபது வருஷம் தாண்டிய கடைகளை மட்டும் பித்தளைப் பலகை கொடுத்துக் கொண்டாடுவதாக மாநகராட்சி அறிவித்தது. பலகை மாட்டிய கடையைத் தொடமாட்டார்கள். ஒரே நிபந்தனை, கெடு தாண்டிய வேலை எதுவும் இருக்கக்கூடாது.

அதிகாரி வந்து அலமாரியை அண்ணாந்து பார்த்தார். "இதென்னங்க, கடையா குடோனா? ஒரு மாசத்துல எல்லாத்தையும் தச்சுக் குடுத்துடுங்க. இல்லன்னா கடையைக் காலி பண்ணி, அவங்கவங்க துணிய அவங்கவங்ககிட்டயே ஒப்படைங்க."

எப்படிப் பார்த்தாலும் நாற்பத்துமூன்று சாவு.

இருபத்தொன்பதாம் நாள் மனைவியே பச்சைத் துணியை மேஜையில் விரித்துக் கத்தரிக்கோலை நீட்டினாள். "வெட்டுங்க. எப்படியும் போற உசுரு. உங்க கையால தச்சதப் போட்டுக்கிட்டே போறேன்."

அவர் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார், அழித்தார். "இளைச்சுட்ட. அளவு மாறிப்போச்சு. நாளைக்கு எடுத்துக்கலாம்."

மறுநாள் அதிகாரி வந்தார். ஒரு கையில் பலகைக்கான விண்ணப்பம், அக்குளில் ஒரு பொட்டலம். அலமாரிப் பக்கம் அவர் பார்வை போகவில்லை. "எங்கம்மாவுக்கு ஒரு சட்டை. உறவுக்காரங்களுக்குச் சொல்லிடச் சொல்லிட்டார் டாக்டர்." கொஞ்சம் நிறுத்தி, "அவசரமே இல்லீங்க," என்றார்.

"நாளைக்கு வாங்க."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் நாளைக்குத்தான்."

அதிகாரி பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தார். பிறகு, 'கெடு தாண்டிய வேலை: இல்லை. அனைத்தும் நாளை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

புதுச் சாலை அந்த ஓர் இடத்தில் மட்டும் வளைந்து போகிறது. பலகையை வாராவாரம் மனைவிதான் துடைக்கிறாள். அதிகாரி மாசம் தவறாமல் வந்து, தயாரா என்று ஒப்புக்குக் கேட்டு, இல்லை என்றதும் சந்தோஷமாகத் திரும்புகிறார். அவருடைய அம்மாவுக்கு இப்போது வயது நூற்றுநான்கு. ஒரு சட்டைக்கு இத்தனை இழுவையா, அப்போதே வேறு கடை பார்த்திருக்கலாம் என்று தினமும் மகனைத் திட்டுகிறாளாம்.