படத்தில் இல்லாத குழாய்

நகரத்துக்குக் கடல் இருந்தது. கால் வைக்கிற மாதிரி கரைதான் இல்லை. இருந்த கரையில் கருங்கல்லும் குப்பையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. அதனால் ஒரு கடற்கரையைக் கொண்டுவந்து கொட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. மணல் லாரி லாரியாக வந்தது. வேறு ஏதோ ஊர்க் கரையில் அள்ளியது. அந்த ஊருக்கு இப்போது கரை இருக்கிறதா என்று விசாரிப்பது மரியாதையாக இருக்காது என்பதால் யாரும் விசாரிக்கவில்லை.

வேலையை மேற்பார்த்தவன் சின்ன இன்ஜினியர். பெரியவர் ஒருவர் இருந்ததால் இவன் சின்னவன். அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. திறப்பு விழா நல்லபடியாக முடிந்தால் கையெழுத்துப் போடுவதாகப் பெரியவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒரே ஒரு சிக்கல். கரையின் நட்டநடுவில் ஊர்ச் சாக்கடைக் குழாய் கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"சார், இந்தக் குழாயை என்ன பண்றது?"

பெரியவர் வரைபடத்தை விரித்தார். அதில் மரங்கள் இருந்தன, பலூன் பிடித்த குழந்தை இருந்தது, ஐஸ்கிரீம் வண்டிகூட இருந்தது.

"எங்கப்பா குழாய்? படத்துல இல்லையே."

"நேர்ல இருக்கு சார்."

"நேர்ல இருக்கறதையா கட்டச் சொன்னாங்க? படத்துல இருக்கறதைத்தானே கட்டச் சொன்னாங்க?"

சின்னவன் குழாயின் வாயைப் பலகையால் அடைத்து, மேலே மணலைக் கொட்டச் சொன்னான். நாற்றம் நின்றது. முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். கடல் மட்டும் பழைய கறுப்பிலேயே இருந்தது. அதை வெளுப்பது ஒப்பந்தத்தில் இல்லை.

விழா அன்று காலை, கரையைத் திறந்துவைக்கும் சிறப்பு விருந்தினர் வருவதற்குள் அக்காவின் போன் வந்தது. அவன் தங்கியிருப்பது அக்கா வீட்டில்தான். இரண்டு தெரு தள்ளி, தெருவிலேயே பள்ளமான வீடு.

"டேய், பாத்ரூம்ல தண்ணி மேல வருதுடா."

"கீழ போகலையாக்கா?"

"அப்படித்தான் நானும் நெனச்சுட்டிருந்தேன், தண்ணின்னா கீழதான் போகும்னு! சமையல்கட்டு வரைக்கும் வந்தாச்சு. உங்க மாமா நாற்காலி மேல ஏறி நின்னு யோசிக்கிறார். என் மாமனார் கட்டிலைவிட்டு எழுந்திரிக்க முடியாத மனுஷன், அவரை நான் எங்கடா தூக்கிட்டுப் போவேன்?"

அவன் பெரியவரிடம் ஓடினான்.

"சார், குழாயைத் திறந்தாகணும். அக்கா வீட்டுல கட்டில் மிதக்கப்போகுது."

"கட்டில்ல யாரு?"

"அக்காவோட மாமனார்."

"ஆள் கனமா?"

"ஒல்லிதான் சார்."

"அப்போ நல்லாவே மிதக்கும். விழா முடியட்டும்."

அவன் நேராக ஜேசிபிக்காரரிடம் போனான்.

"அண்ணே, இந்த இடத்துல தோண்டுங்க."

"சொல்றது பெரியவரா, நீங்களா தம்பி?"

"நான்தாண்ணே."

"அப்புறம் என்னை இழுக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு அவர் தோண்டினார்.

அடைபட்டிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. புது மணலைக் கிழித்துக்கொண்டு, சிவப்புக் கம்பளத்தை உருட்டிக்கொண்டு, கடலை நோக்கிப் பாய்ந்தது. சரியாக அந்த நேரத்தில் விருந்தினர் வந்து சேர்ந்தார்.

பெரியவர் லேசுப்பட்டவர் இல்லை. "ஐயா, இதுதான் முகத்துவாரம். ஆறு கடல்ல கலக்குற இடம். ஐயாவுக்காகவே கடைசி நேரத்துல ஏற்பாடு பண்ணினோம்."

"அருமை!" விருந்தினர் பூரித்துப்போய்ச் செருப்பைக் கழற்றினார், பேண்ட்டைச் சுருட்டினார். கேமராக்கள் கிட்டே வந்தன. பெரியவர் சின்னவனைப் பார்த்தார். வாயைத் திறந்தால் கையெழுத்து கிடையாது என்பது அந்தப் பார்வையில் தெளிவாக இருந்தது.

விருந்தினரின் கட்டைவிரல் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

"ஐயா, காலை வைக்காதீங்க," என்றான் அவன். "அது சாக்கடை."

விருந்தினர் ஒற்றைக் காலில் நின்றார். அந்த நிலையில்தான் மறுநாள் எல்லாப் படத்திலும் வந்தார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப வைத்துக்கொண்டார்.

போன் அடித்தது.

"தண்ணி வடிஞ்சிடுச்சுடா!" என்றாள் அக்கா. "மாமனாருக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா வீடு இருக்கிற இருப்பு... இதையெல்லாம் யாருடா கழுவப்போறது?"

"நான் கழுவுறேன்க்கா."

"உனக்கு ஆபீஸ் இருக்கேடா?"

"அது ஒண்ணும் பிரச்சனையில்லக்கா. இனிமே நிதானமா கழுவலாம்."